ஜெசிந்தா நடந்துகொண்டிருக்கும் ஊர்

ஜெசிந்தா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, அவர் எனக்கு முன்னால் தண்ணீர் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தார். மிகைப்படுத்தவில்லை. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் எலப்புள்ளியில் இருக்கும் எங்கள் வீடியோ கேம் ஸ்டுடியோவில், காலை பத்து மணி வாக்கில், கண்ணை மூடிப் படம் காட்டும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு வேலையில் இருந்தேன். அதற்குள் ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முந்தைய ஓர் இங்கிலாந்துக் கிராமம். அங்கே இருக்கும் பெண்கள் அத்தனை பேரும் ஜெசிந்தாவின் உடலசைவில் நடப்பவர்கள். ஒருத்தி இரண்டு கையிலும் மரவாளியோடு ஓடையிலிருந்து ஏறி வந்தாள். நான் அவளுக்குப் பின்னால் போனேன். அப்போது யாரோ என் தோளைத் தொட்டார்கள்.

"அதக் கழட்டுங்க ராவுத்தரே," என்றது எங்கள் முதலாளி கதிர்வேலின் குரல். "ஜெசிந்தாக்கா போயிட்டாங்களாமுங்க. அவங்க தங்கச்சி இப்பத்தானுங்க ஃபோன் பண்ணுனாங்க."

நான் உடனே கழற்றவில்லை. கழற்றினால் அவர் மறைந்துவிடுவார். அந்தப் பெண் வாசல்வரைக்கும் போனாள், வாளிகளை இறக்கினாள், புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அது ஜெசிந்தா நெற்றியைத் துடைக்கிற விதம். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் கழற்றினேன். ஈஸ்டருக்காகப் போடிமெட்டுக்குப் பக்கத்திலுள்ள எஸ்டேட்டுக்கு, தங்கை வீட்டுக்குப் போனவர். போன இடத்தில் எலிக்காய்ச்சல் பிடித்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, திரும்பாமலே போய்விட்டார். நாற்பத்தாறு வயது.

இந்த நினைவு மலரைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் ஸ்டுடியோக்காரர்கள், மீதிப் பேர் அவருடைய எஸ்டேட் சர்ச்சின் பங்கு மக்கள். முதல் பாதிக்கு எஸ்டேட் தெரியாது. இரண்டாம் பாதிக்கு எங்கள் தொழில் தெரியாது. ஆகவே தெரிந்த விஷயத்தைச் சொல்கிறானே என்று யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். ஜெசிந்தா நல்லவர், அன்பானவர் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். எல்லாம் உண்மைதான். அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், நான் கொடுக்கவில்லை. அதைச் சொல்ல என்னைத் தவிர ஆள் கிடையாது.

முதலில் என் தொழில். நான் டெஸ்டர். ஒரு வீடியோ கேமை விற்பனைக்கு அனுப்புவதற்கு முன்னால் அதற்குள் நுழைந்து, எங்கே தப்பு என்று தேடுகிற ஆள். சுவரைத் தடவிக்கொண்டே ஊர் முழுக்க நடப்பேன். எங்காவது ஓர் இடத்தில் கை சுவருக்குள் போகும். கதவைத் திறந்தால் மறுபக்கம் ஒன்றுமே இருக்காது. ஒரு மாடு அரையடி உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். கண்டதை எல்லாம் பட்டியலில் எழுதுவேன். எழுதியது சரிசெய்யப்படும்வரை விடமாட்டேன். பாலக்காட்டில் துணிக்கடை வைத்திருந்த எங்கள் குடும்பத்தில், துணியை வெளிச்சத்தில் பிடித்து நெசவுக் குறையைக் கண்டுபிடிப்பதில் என் வாப்பாவை மிஞ்ச ஆள் இல்லை. அந்தக் குணம் எனக்கும் வந்திருக்கிறது. என்னோடு சாப்பிட உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும்.

ஜெசிந்தா மூன்று வருடங்களுக்கு முன்பு எங்களிடம் வந்தார். வீடு, மரம், பாத்திரம், வேலி என்று கேமுக்குள் இருக்கும் இடங்களைக் கணினியில் செய்கிற வேலை அவருக்கு. அதற்கு முன்பு பூப்பாறையில் ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவில் இருந்திருக்கிறார். கல்யாண ஆல்பமும் செய்திருக்கிறார். ஆனால் அவருடைய கைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இறந்தவர்களின் படம். எஸ்டேட்டில் யாராவது இறந்தால், ரேஷன் கார்டில் இருக்கும் விரற்கடை அளவு முகத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்களாம். அதைப் பெரிதாக்கி, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பின்னால் நீல வானம் வைத்து, சட்டம் போடத் தயாராகக் கொடுப்பது இவர் வேலை.

"சட்ட மாத்துவேன், முடி வெப்பேன், கன்னத்துல சத புடிக்க வெப்பேன்," என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். "கண்ண மட்டும் தொடமாட்டேன் ராவுத்தரே. கண்ணத் தொட்டா அது வேற யாரோ ஆயிரும்."

அப்படி ஊரிலுள்ள இறந்தவர்களுக்கெல்லாம் படம் செய்து கொடுத்தவரிடம் சொந்தத் தாயின் படம் இல்லை. சவேரியம்மாள் என்று பெயர். தேயிலைத் தோட்டத்தில் கொளுந்து எடுத்தவர். ஜெசிந்தாவுக்குப் பதினைந்து வயதாகும்போது இறந்துபோனார். இருந்த ஒரே படம் எஸ்டேட் வேலையாட்கள் கூட்டமாக நிற்பது. அதிலும் முன்னால் நின்றவளின் கூடை சவேரியம்மாளின் முகத்தை மறைத்துவிட்டது. "கூடைக்குப் பின்னால என்ன இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதுல்ல," என்று சொல்லிவிட்டு அவர் மோரை ஊற்றிக்கொண்டார். அன்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி அந்த இங்கிலாந்துக் கிராமம். அங்கே ஒரு சிறிய ஊரின் அருங்காட்சியகம், ஆங்கிலோ-சாக்சன் காலத்து வாழ்க்கையைப் பார்வையாளர்கள் உள்ளே நின்று பார்க்கிற மாதிரி ஒரு கண்காட்சி வேண்டும் என்று கேட்டது. ரோமானியர்கள் அந்த நாட்டை விட்டுப் போன பிறகு, நார்மானியர்கள் வந்து பிடிப்பதற்கு முன்பு இருந்த சில நூற்றாண்டுகள் அவை. அதற்கு முந்தைய வருடம்வரை கார் பந்தயமும் துப்பாக்கிச் சண்டையும் செய்துகொண்டிருந்த நாங்கள், அதே மென்பொருளை வைத்துக் கூரை வீடு கட்டினோம். சுடுவதற்கு இங்கே யாருமில்லை, ஓடுவதற்கும் அவசியமில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடக்கலாம், அடுப்பருகே உட்காரலாம், பெண்கள் தறி நெய்வதைப் பார்க்கலாம். பக்கத்தில் போனால் அவர்கள் திரும்பி உங்களைப் பார்ப்பார்கள்.

அந்த ஊரில் கல் கட்டடம் இல்லை. எல்லாம் மரம், சேறு, வைக்கோல். ஆகவே அகழாய்வில் தோண்டியபோது வீடு எதுவும் கிடைக்கவில்லை. தூண் நட்ட குழிகள் மட்டும் மண்ணில் கறுப்பு வட்டங்களாக வரிசையாகத் தெரிந்தன. அருங்காட்சியகத்தார் அந்தப் படங்களை அனுப்பியிருந்தார்கள். எங்கள் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "எங்க லயத்த இடிச்சுத் தள்ளுன எடமும் இப்பிடித்தேன் கெடக்கு," என்றார். லயம் என்பது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு. "இந்தா இது அடுப்படி. இந்தப் பக்கம் மண்ணு எறுகிக் கெடக்கா? சனம் மிதிச்ச எடம். வாசல் இங்கிட்டுத்தேன்." அந்த ஊரைத் தோண்டி ஆராய்ச்சி செய்த அம்மையார் இங்கிலாந்திலிருந்து வீடியோ அழைப்பில் வந்தபோது அதைக் கேட்டோம். வாசல் அங்கேதான்.

அந்த அம்மையாருக்கு ஜெசிந்தாவின் மேல் ஒரு மரியாதை வர இன்னொரு காரணம் புகை. கூடத்தின் நடுவில் அடுப்பு, கூரையில் புகைபோக்கி கிடையாது. எங்கள் பையன்கள் புகையை நேராக மேலே அனுப்பி, கூரை வழியாக வெளியேற்றிவிட்டார்கள். ஜெசிந்தா அதை அழித்துவிட்டு, புகை கூரையில் முட்டித் திரும்பி, நின்றால் தோள்வரைக்கும் இறங்கி நிற்கிறபடி செய்தார். உள்ளே நின்றால் எதுவும் தெரியாது. உட்கார்ந்தால்தான் ஆட்களின் முகம் தெரியும். அதைப் பார்த்த அம்மையார் இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பிறகு, இது எப்படித் தெரியும் என்று கேட்டார். கதிர்வேல் மொழிபெயர்த்தார். "மழக்காலத்துல ஈர வெறகு. நாங்க அப்பிடித்தேன் ஒக்காந்திருந்தோம்னு சொல்லுங்க," என்றார் ஜெசிந்தா.

மனிதர்களை நடமாட வைப்பது அடுத்த கட்டம். உடம்பெல்லாம் உணரிகள் பதித்த ஒரு கறுப்பு உடை இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் நடந்தால், குனிந்தால், சுமந்தால், அந்த அசைவு அப்படியே பதிவாகும். பிறகு கேமில் இருக்கும் எந்த உருவத்துக்கும் அதை மாட்டிவிடலாம். முகம், முடி, உடை எல்லாம் வேறாக இருக்கும். நடை மட்டும் பதிவு கொடுத்தவருடையது. ஆண்களுக்கு எங்கள் பையன்கள் இருவர் நடந்தார்கள். பெண்களுக்கு ஜெசிந்தா. நடிக்க ஆள் கூட்டிவரலாம் என்று கதிர்வேல் சொன்னபோது, "வெறகு தூக்கத் தெரியாதவள வெச்சு என்ன பண்ண?" என்று அவரே முன்வந்தார். எங்கள் ஸ்டுடியோவின் பின்பக்க ஷெட்டில் நான்கு நாள் பதிவு நடந்தது. மாவரைத்தார், கிணற்றில் இறைத்தார், குழந்தைக்குப் பதில் ஒரு தலையணையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தார். ஓர் இடத்தில் கதிர்வேல், "அக்கா, டீ வந்துருச்சுங்க," என்று வெளியிலிருந்து கூப்பிட, அவர் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அதுவும் பதிவாகிவிட்டது. அழகாக இருக்கிறது என்று அதை அப்படியே வைத்துக்கொண்டோம். இன்றைக்கும் அந்த ஊர்ப் பெண்கள் அவ்வப்போது கைவேலையை நிறுத்திவிட்டு, யாரோ கூப்பிட்டது மாதிரி ஒரு பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். கூப்பிட்டது எலப்புள்ளியில் ஒரு டீக்காக என்பது அவர்களுக்குத் தெரியாது.

முதல் தடவை ஊருக்குள் போனதும் எனக்கு ஒரு குறை கண்ணில் பட்டது. ஊர் சமதளம். பெண்கள் மட்டும் மலையேறுவது மாதிரி முன்னால் சாய்ந்து, முழங்காலை அழுத்தி நடந்தார்கள். நான் அதைக் கேலி செய்தேன். "இங்கிலாந்துல போடிமெட்டக் கொண்டுபோய் வெச்சிருக்கீங்களே?" ஜெசிந்தா சிரித்தார். மறுக்கவில்லை. சுமைக்காரப் பெண்கள் அப்படி நடப்பதில் தப்பில்லை என்று ஆராய்ச்சி அம்மையாரே சொல்லிவிட்டதால், அதை நான் பட்டியலில் எழுதவில்லை.

இரண்டாவது குறையை எழுதினேன்.

ஊர் எல்லையில் நான்கைந்து பெண்கள் கீரை பறிக்கிற காட்சி ஒன்று. குனிந்து இரண்டு கையாலும் பறிக்கிறார்கள். பிடி நிறைந்ததும், பார்க்காமலே கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் முதுகுப்பக்கம் போடுகிறார்கள். முதுகில் கூடை இல்லை. கீரை காற்றில் போய் மறைந்துவிடுகிறது. மறுபடியும் பறிக்கிறார்கள், மறுபடியும் தோளுக்கு மேலே. கொளுந்து எடுக்கிற பெண்களின் கைப்பழக்கம் அது என்று பங்கு மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது, இல்லாத கூடைக்குள் இலையைப் போடுகிறார்கள் என்பதுதான். டெஸ்டருக்கு இதைவிடத் தெளிவான குறை கிடைக்காது. கொஞ்சம் சந்தோஷமாகவே எழுதினேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அன்று மத்தியானம் ஜெசிந்தா என் மேசைக்கு வந்தார். வழக்கமாகச் சண்டை போடுகிற குரலில் வரவில்லை.

"ராவுத்தரே, அந்தக் கீர விஷயம். அத மட்டும் விட்டுருங்க."

"எப்படிங்க விடுறது? கூடையே இல்லையே."

"கூட வெச்சுத் தாரேன்."

நான் அம்மையாருக்கு எழுதிக் கேட்டேன். முதுகுக் கூடைக்கு அந்த ஊரில் ஆதாரம் இல்லை, வைக்க வேண்டாம் என்று பதில் வந்தது. அதை ஜெசிந்தாவிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"அது நானில்ல," என்றார். "நான் எங்க கொளுந்து எடுத்தேன்? நாலு நாளு லீவுல எடுத்திருப்பேன். அந்தக் கறுப்புச் சூட்டப் போட்டதும் எனக்கு என்ன பண்ணன்னே தெரியல. எங்கம்மாவ நெனச்சுக்கிட்டேன். அம்மா எப்பிடிக் குனியும், எப்பிடி எந்திரிக்கும்னு அம்புட்டும் அப்பிடியே வந்துச்சு. அந்த நடையும் அதுதேன். நெத்தியத் தொடைக்கிறதும் அதுதேன். மொகம் எனக்கு மறந்துருச்சு ராவுத்தரே. சத்தியமா மறந்துருச்சு. கை மறக்கல."

 அந்தக் குறையை மூடுவதற்கு எனக்கு அதிகாரம் இருந்தது. 'குறை அல்ல' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பல வாரங்கள் அம்மையாரும் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுதிய பிறகுதான் அவர் கண்ணிலும் அது பட்டது. ஆனால் நான், "நடை இருக்குல்லங்க? நெத்தி தொடைக்கிறது இருக்குல்ல? இது ஒண்ணுதானே," என்றேன். கடைக்காரன் பேசுகிற மாதிரிப் பேசினேன்.

"அது ஒண்ணுதேன் அம்மா நாளெல்லாம் செஞ்சது," என்றார் ஜெசிந்தா. பிறகு எழுந்து போனார்.

நான் அதை மூடவில்லை. நான்கு நாள் திறந்தே கிடந்தது. ஐந்தாம் நாள் அவர் யாரிடமும் சொல்லாமல் ஷெட்டுக்குப் போய் அந்தக் கறுப்பு உடையை மாட்டிக்கொண்டார். பதிவு எடுக்கும் பையன் என்னையும் கூப்பிட்டான். குனிந்தார், பறித்தார், கையைத் தோள்வரைக்கும் கொண்டுபோனார். நிறுத்தி, இறக்கி, மடியில் போட்டார். சரியாக வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து. கை தானாக மேலே போகும், அவர் அதை இறக்குவார். வெகுநேரம் கழித்து ஒரு தடவை கை மேலே போகவே இல்லை. நேராக மடிக்குப் போனது. "இப்பச் சரியா?" என்று கேட்டார். சரி என்றேன். உடையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஊருக்குக் கொண்டுபோகப் பலகாரம் வாங்க வேண்டும் என்று கிளம்பினார். மறுநாள் ஈஸ்டர் விடுமுறை. நான் அவரைப் பார்த்தது அதுதான் கடைசி.

புதிய பதிவு வந்தால் பழையதை அழித்துவிடுவது எங்கள் ஸ்டுடியோவின் வழக்கம். பழையது எங்காவது கிடந்தால், யாராவது தெரியாமல் அதை எடுத்து மாட்டிவிடுவார்கள், சரிசெய்த தப்பு திரும்பி வந்துவிடும். இந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான். அன்று மாலையே அழித்தேன். அவர் இறந்த பிறகு வேறு நகல் எங்காவது இருக்கிறதா என்று இரண்டு நாள் தேடினேன். இல்லை. எங்கும் இல்லாதபடி வேலை செய்திருந்தேன்.

அடக்கத்துக்குக் கதிர்வேலும் நானும் போனோம். பொள்ளாச்சி, பழநி, தேனி என்று சுற்றி, போடியிலிருந்து மலையேறினோம். கீழே வெயில் கொளுத்தியது, மெட்டைத் தாண்டியதும் மூடுபனி. கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு ஏற்றம். பெட்டிக்குப் பின்னால் பெண்கள் ஏறினார்கள். இருபது பேர் இருக்கும், முப்பது பேர் இருக்கும். எல்லோரும் முன்னால் சாய்ந்து, முழங்காலை அழுத்தி, ஒரே மாதிரி. பனிக்குள் முகங்கள் தெரியவில்லை. நடை மட்டும் தெரிந்தது. நான் நின்றுவிட்டேன். ஹெட்செட் போட்டிருக்கிறேனோ என்று கண்ணருகே கையைக் கொண்டுபோனேன். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே கொண்டுபோனேன். ஒரு பெண் பாதி ஏற்றத்தில் நின்று புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள்.  கதிர்வேல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, மூச்சு வாங்குதுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம், கண்காட்சி அனுப்பும்வரை, தினமும் அந்த ஊருக்குள் போக வேண்டியிருந்தது. என் வேலை அது. பக்கத்தில் போனால் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சொன்னேன் அல்லவா? நான் தூரமாகவே நடக்கப் பழகினேன். ஆனாலும் குறுகலான இடங்கள் உண்டு. தறி வீட்டுக்குள் நுழைந்தால் மூன்றடியில் ஒருத்தி இருப்பாள். மஞ்சள் முடி, நீலக் கண், எனக்குப் பரிச்சயமே இல்லாத முகம். அவள் தலையைத் திருப்புகிற விதத்தில் ஜெசிந்தா என்னைப் பார்ப்பார். குறை சொல்லப் போகிறேனா என்று பார்ப்பது மாதிரி. நான் பட்டியலில் ஒன்றும் எழுதாமல் வெளியே வந்துவிடுவேன். என் இத்தனை வருடத்து வேலையில் பயந்துகொண்டு செய்த வேலை அது ஒன்றுதான். கீரை பறிக்கும் இடத்துக்கு மட்டும் நான் போகவில்லை. பதிவு எடுத்த பையனை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். சரியாக இருக்கிறது என்றான்.

முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கு அவருடைய தங்கை அமலோற்பவம் என்னை அழைத்தார். "அக்கா செஞ்ச ஊர எங்களுக்கும் காமிங்கண்ணே," என்று ஃபோனில் கேட்டார். நான் ஹெட்செட்டையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு போனேன். திருப்பலி முடிந்து, பங்கு மண்டபத்தில் சாப்பாடும் முடிந்த பிறகு, நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி இடம் செய்தார்கள். அமலோற்பவத்துக்கு நாற்பது வயது இருக்கும். அவரும் அதே எஸ்டேட்டில் கொளுந்து எடுப்பவர், இப்போது கூடைக்குப் பதில் கத்தரியும் சாக்குமாக. தாய் இறந்தபோது ஒன்பது வயது. ஜெசிந்தா அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. அக்கா ஏதோ வெள்ளைக்காரர்களின் பழைய ஊரைச் செய்திருக்கிறாள் என்று மட்டும்தான் தெரியும்.

நான் அவர் தலையில் ஹெட்செட்டை மாட்டி, பட்டையை இறுக்கிவிட்டேன். முதலில் அவர் சிரித்தார். "அய்யய்ய, மாடு வருது," என்று ஒதுங்கினார். சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். எதையோ பார்த்துக்கொண்டு மெதுவாகத் தலையைத் திருப்பினார். தண்ணீர் சுமப்பவள் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அமலோற்பவம் இரண்டு அடி முன்னால் வைத்தார். சுவரில் இடிக்காமல் நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா," என்றார்.

அக்கா என்று சொல்லவில்லை. நான் காத்திருந்தது அக்கா என்ற சொல்லுக்காக. பங்கு மக்கள் அன்று சுற்றி நின்றீர்கள், அவர் அழுவதைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு அவர் பேசியது தாழ்ந்த குரலில். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அண்ணே, அம்மா நடக்குது. இந்தா, கொளுந்து எடுக்க வந்துருச்சு. குனியுது. கிள்ளுது." அவருடைய கை காற்றில் லேசாக அசைந்தது. பிறகு நின்றது. "கைய ஏன் மடிக்குக் கொண்டுபோகுது? ஏண்ணே? அம்மாவுக்குத் தோளு முடியலையா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம், அது பொய்கூட இல்லை.

"தோளுக்கு மேலதாம்மா போய்க்கிட்டிருந்துச்சு," என்றேன். "தப்புன்னு எழுதி மாத்த வெச்சது நான்."

ஹெட்செட்டின் கறுப்பு முகம் என் பக்கம் திரும்பியது. அதற்குள் இருந்து பார்த்தால் நான் தெரியமாட்டேன்.

"அக்காகிட்டக் கேட்டீகளா?"

"அவங்களே வந்து சொன்னாங்க. அம்மாதான் அது, விட்டுருங்கன்னு."

"பெறவு?"

"பெறவும் நான் விடல."

அமலோற்பவம் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. ஹெட்செட்டையும் கழற்றவில்லை. மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, கீரை பறிக்கும் பெண்கள் அவருக்குத் தெரிகிற இடத்துக்கு எதிரில், மண்டபத்துத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். மடிக்குப் போகும் தன் தாயின் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பின்னால் நின்றேன்.

கண்காட்சி அங்கே திறந்தாகிவிட்டது. ஒரு குறைகூட இல்லை என்று அம்மையார் பாராட்டி எழுதியிருக்கிறார். கதிர்வேல் அதை அச்செடுத்து ஸ்டுடியோ சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். ஜெசிந்தாவின் நாற்காலியையும் அவர் எழுதிவைத்த குறிப்புகளையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜெசிந்தாவுடையது என்று என்னிடம் மீந்திருப்பது, ஒரு குறையும் விடாமல் நான் முடித்துக் கொடுத்த அந்த வேலைதான்.